தானாக ரீஸ்டார்ட் ஆகும் பிசி: புதுப் பாகம் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நீங்களே பாகம் பாகமாக வாங்கிக் கோத்த டெஸ்க்டாப். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, மதர்போர்டு லோகோ வந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. சேமிக்காத வேலை போனது போனதுதான். இந்த இடத்தில் புதியவர்கள் பலர் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். அதிலும் சரியாகாவிட்டால் கிராபிக்ஸ் கார்டின் மேல் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும் கணினியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரன்ட் வரும் வழியையும் ரேமின் வேக அமைப்பையும்தான். இரண்டையும் காசு செலவில்லாமல் சோதிக்கலாம்.

தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். ரேம் கெட்டிருந்தால் ரீஸ்டார்ட் ஆவதோடு நிற்காது; எழுதப்படும் கோப்புகளையும் சத்தமில்லாமல் கெடுத்துவைக்கும். அப்புறம், ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ரேமைக் கழற்றி மாட்டி, டிரைவரை மாற்றி, பயாஸையும் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்த பிறகு பிரச்சினை போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். ஒரு தாளில் தேதி, நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, என்ன மாற்றினீர்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

## எப்படி நின்றது?

கேபினெட்டைத் திறப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும்.

நீலத் திரை ஒரு கணமாவது மின்னி மறைந்ததா? அப்படியானால் விண்டோஸ் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் தானே நிறுத்தியிருக்கிறது. காரணத்தை எழுதியும் வைத்திருக்கும். நீலத் திரை எதுவும் இல்லாமல் நேராகக் கறுத்து ரீஸ்டார்ட் ஆனதா? அது வன்பொருள் மட்டத்தில் நடந்த ரீசெட்; பெரும்பாலும் கரன்ட் சமாச்சாரம். ரீஸ்டார்ட் ஆகாமல் முழுவதுமாக அணைந்து, அப்படியே கிடந்ததா? ஒன்று ப்ராசஸர் அளவுக்கு மீறிச் சூடாகித் தன்னைக் காத்துக்கொண்டது, அல்லது எஸ்எம்பிஎஸ்ஸின் (சுவரிலிருந்து வரும் கரன்டைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) பாதுகாப்பு வேலை செய்தது. பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் உயிர் வராமல், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சை அணைத்துச் சில விநாடி பொறுத்துப் போட்டால்தான் ஓடுகிறது என்றால், இரண்டாவது காரணத்துக்கே வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. பயாஸில் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்றொரு அமைப்பு இருக்கும். மதர்போர்டுக்கு மதர்போர்டு பெயர் சற்று மாறும். அது 'பவர் ஆன்' என்று வைக்கப்பட்டிருந்தால், கரன்ட் ஒரு நொடி போய் வந்தாலும் கணினி தானாக எழுந்துவிடும். பார்ப்பவருக்கு ரீஸ்டார்ட் ஆனது போலத்தான் இருக்கும். சோதனை முடியும்வரை அதை 'பவர் ஆஃப்' என்று மாற்றி வையுங்கள். அதன் பிறகு கரன்ட் போனால் கணினி அணைந்தே கிடக்கும், ரீசெட் ஆனால் மட்டும்தான் திரும்ப ஓடும்.

பிரச்சினையே இல்லாத ரீஸ்டார்ட்களும் உண்டு. டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் போட்ட புதுக் கணினி, முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமுக்கு ஏற்ற அமைப்பைத் தானே தேடிக்கொள்ளும். அதற்குப் பல நிமிடம் ஆகலாம், திரை கறுப்பாகவே இருக்கும், நடுவில் தானாக ஓரிரு முறை அணைந்து எழவும் செய்யும். இது தெரியாமல் பாதியில் கரன்டை நிறுத்தி, "போர்டு செத்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயாஸ் அப்டேட் செய்த பிறகும், ரேமை மாற்றிய பிறகும் இதே கதை நடக்கும்.

## விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது?

முதலில் நீலத் திரை தப்பியோடாமல் நிறுத்தி வைப்போம். ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' பகுதியில் உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்துங்கள். 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற பெட்டியில் டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இனி விண்டோஸ் பிழை என்றால் நீலத் திரை அப்படியே நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பிறகும் கணினி நேராக ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸுக்குத் தகவல் தெரிவதற்கு முன்பே ரீசெட் நடந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு டிக்கை எடுப்பதே பாதி விசாரணை.

அடுத்தது, விண்டோஸின் பதிவேட்டைக் காட்டும் ஈவன்ட் வியூவர். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. ரீஸ்டார்ட் ஆன நேரத்துக்குப் போனால் சிவப்புக் குறியோடு 'கெர்னல்-பவர்', எண் 41 என்று ஒரு பதிவு பெரும்பாலும் இருக்கும். இதைப் பார்த்ததும் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். "முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் கணினி மறுபடி தொடங்கியிருக்கிறது" என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. அடுத்த தடவை ஓடத் தொடங்கிய பிறகு எழுதப்படும் குறிப்பு அது. 6008 என்ற எண்ணும் அப்படியே.

ஆனால் அந்த 41ஐத் திறந்து 'டீடெய்ல்ஸ்' தாவலுக்குப் போனால் 'பக்செக்கோட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 0 இருந்தால் நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை. கரன்ட் அல்லது வன்பொருள் ரீசெட் பக்கம் போங்கள். வேறு எண் இருந்தால் அது பிழையின் எண், நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிமான முறையில். 26 என்றால் நினைவக மேலாண்மைப் பிழை, ரேமைப் பாருங்கள். 278 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. 292 என்றால் வன்பொருளே பிழை இருப்பதாக அறிவித்திருக்கிறது; ப்ராசஸர், அதன் வோல்டேஜ், ஓவர்கிளாக் (வரையறுத்ததைவிட வேகமாக ஓட்டுவது) எல்லாம் சந்தேகப் பட்டியலில் வரும். 'வியா-லாகர்', எண் 18 என்று ஒரு பதிவு பக்கத்தில் இருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

1074 என்ற எண்ணைப் பார்த்தால் நிம்மதியாகலாம். ஏதோ ஒரு நிரல், பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட், முறையாகக் கேட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. எந்த நிரல் என்று அந்தப் பதிவிலேயே பெயர் இருக்கும்.

இன்னும் விண்டோஸ் மேல்தான் சந்தேகம் என்றால், ஒரு பென்டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸை ஏற்றி, ஹார்டு டிரைவில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸை மறுபடி போடும் யோசனையை மறந்துவிடலாம். பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதே ரீஸ்டார்ட் ஆகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் அங்கே ஆகவில்லை என்பதற்காக வன்பொருள் சுத்தம் என்று சொல்ல முடியாது, ஏனெனில் அப்போது கணினிக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை.

## கரன்ட் வரும் வழி

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு 'பவர் குட்' என்று ஒரு சிக்னல் ஒயர் போகிறது. 24 பின் பிளக்கில், வண்ண ஒயர் உள்ள கேபிள்களில், சாம்பல் நிறத்தில் இருக்கும். வோல்டேஜ் சரியாக இருக்கும்வரை அதில் ஏறக்குறைய 5 வோல்ட் நிற்கும். வோல்டேஜ் இறங்கினால் அந்தச் சிக்னலும் போய்விடும், மதர்போர்டு உடனே எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். நீலத் திரை காட்டவோ, பதிவு எழுதவோ விண்டோஸுக்கு அவகாசமே கிடையாது. பக்செக்கோட் 0 என்று இருப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

ஆகவே சுவரிலிருந்து தொடங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, கணினியை மட்டும் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஓட்டுங்கள். பவர் கார்டின் மறுமுனை எஸ்எம்பிஎஸ்ஸில் ஆடுகிறதா பாருங்கள். லூசான கார்டு மேசையை இடித்தாலே ரீஸ்டார்ட் ஆக வைக்கும். யுபிஎஸ்ஸை எடுத்தால் சரியாகிறது என்றால் யுபிஎஸ்ஸின் பேட்டரியோ திறனோ போதவில்லை. பேட்டரிக்கு மாறும்போது முழுமையான சைன் அலை தராத யுபிஎஸ்களோடு சில எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போவதில்லை என்பதும் உண்டு. கரன்ட் மினுக்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது, மற்ற நேரத்தில் இல்லை என்றால் கணினியை விட்டுவிட்டு வீட்டு ஒயரிங்கைக் கவனியுங்கள்.

இனி கேபினெட்டைத் திறக்கலாம். பின் சுவிட்சை அணைத்து, கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சமிருக்கும் கரன்டையும் இறக்கிவிடுங்கள். 24 பின் பிளக்கை எடுத்து மறுபடி 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். ப்ராசஸருக்கான 8 பின் பிளக் மதர்போர்டின் மேல் மூலையில், ஹீட்சிங்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) பின்னால் ஒளிந்திருக்கும். கை நுழையாத இடம் என்பதால் அரைகுறையாக மாட்டப்படுவது அதிகமும் இதுதான்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். 8 பின் பிளக் ஒன்று 150 வாட்டுக்கும், 6 பின் 75 வாட்டுக்கும் வரையறுக்கப்பட்டது. ஸ்லாட் வழியாக இன்னொரு 75 வாட். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளின் நுனியில் இரண்டாகப் பிரியும் பிளக்குகளை மாட்டியிருந்தால், அதை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். கேமில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும் கணினிகளில் இது ஒன்றே தீர்வாக அமைவதுண்டு. புதிய 16 பின் பிளக் உள்ள கார்டு என்றால், அது இடைவெளி தெரியாமல் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். சரியாக உட்காராத பிளக் உருகிவிடலாம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடியது) கேபிளை வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். பிளக் பொருந்தும். ஆனால் உள்ளே பின்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல் வேறு. டிரைவும் போர்டும் ஒரே நொடியில் கருகிப் போகலாம். எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். கார்டைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் போதுமா என்பதைக் கணக்குப் போட்டு மட்டும் சொல்ல முடியாது. இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்துக்கு, வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வரை இழுக்கக் கூடியவை. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை அந்தத் திடீர் இழுப்பைத் தாங்கும்படி எஸ்எம்பிஎஸ்களைக் கேட்கிறது. அதற்கு முந்தைய மாடல்களில் சில தாங்காமல் விழுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: கிராபிக்ஸ் கார்டின் அமைப்புகளை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 'பவர் லிமிட்'டை 70 சதவீதத்துக்கு இறக்கி, கேமில் பிரேம் எண்ணிக்கையையும் 60க்குக் கட்டுப்படுத்தி விளையாடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் கரன்ட் இழுப்புதான் காரணம் என்ற சந்தேகம் உறுதிப்படும். பிறகு ஓசிசிடி மென்பொருளில் ப்ராசஸர் சோதனை மட்டும், அப்புறம் கிராபிக்ஸ் சோதனை மட்டும், கடைசியாக இரண்டும் சேர்ந்த பவர் சோதனை என்று ஓட்டுங்கள். தனித்தனியாகத் தாங்கி, சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் வழியை அளக்கலாம், 11.4 முதல் 12.6 வரை ஏற்கத்தக்கது. அதற்கு வெளியே காட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் சந்தேகம் வலுக்கும். உள்ளே காட்டினால் நல்லது என்று சொல்ல முடியாது, கண நேரச் சரிவை மீட்டர் காட்டாது.

## சொந்தமாகக் கோத்தவர்களுக்கே உரிய இரண்டு கோளாறுகள்

கேபினெட்டின் ரீசெட் பட்டனை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்தப் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலோ, அதன் ஒயர் எங்காவது நசுங்கியிருந்தாலோ, நினைத்த நேரத்தில் ரீசெட் ஆகும், காரணம் சொல்லும் எந்தப் பதிவும் இருக்காது. மதர்போர்டின் கீழ் ஓரத்தில், முன்பக்க ஒயர்கள் வந்து சேரும் இடத்தில், ரீசெட் என்று எழுதிய இரண்டு பின் பிளக் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். ரீசெட் பட்டன் இல்லாமல் கணினி தாராளமாக வாழும். இரண்டு நிமிட வேலை என்பதால் நான் இதை எப்போதும் முதல் நாளே செய்யச் சொல்வேன்.

அடுத்தது ஷார்ட். மதர்போர்டைத் தூக்கிப் பிடிக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள், போர்டில் துளை உள்ள இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒன்று கூடுதலாக இருந்தால் அது போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கேபினெட்டைத் தட்டினாலோ நகர்த்தினாலோ ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் இதையும், போர்டுக்கு அடியில் விழுந்து கிடக்கும் ஸ்க்ரூவையும் தேடுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், ஹீட்சிங்க், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து ஓட்டிப் பாருங்கள்.

## ரேம்

பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும் டிடிஆர்5 ரேம், மாட்டியவுடன் பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அதிவேக அமைப்பை இயக்கினால்தான் 6000 வரும். பெட்டியில் எழுதியிருப்பதாலேயே அந்த வேகம் உறுதி என்று தோன்றும். உண்மையில் அது ஓவர்கிளாக்தான். ரேம் தாங்கினாலும் ப்ராசஸரோ போர்டோ தாங்காமல் போகலாம். எனவே எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, வழக்கமாகப் பிரச்சினை வரும் கால அளவைப் போல இரண்டு மடங்காவது ஓட்டுங்கள். சரியாகிவிட்டால் ஒரு படி குறைந்த வேகத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அன்றாட வேலையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

சரியாகாவிட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென்டிரைவில் ஏற்றி ஓட்டுங்கள். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். குறைந்தது நாலு சுற்றாவது முடியட்டும். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் பொருள், "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. பிழை வந்தால் ஒரு ரேமை மட்டும், ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் மாட்டி, மறுபடி சோதியுங்கள். அப்புறம் இன்னொன்றை அதே ஸ்லாட்டில். ஒவ்வொரு ரேமும் தனியாகத் தேறினால் ஸ்லாட்டின் மேல் சந்தேகம் திரும்பும். இரண்டு ரேம் இருந்தால் அவற்றின் இடம் இரண்டாவது, நான்காவது ஸ்லாட். வெவ்வேறு பெட்டியில் வந்த ரேம்களைக் கலந்து நாலு ஸ்லாட்டையும் நிரப்பியிருந்தால், அதுவே காரணமாக இருக்கலாம்.

## சூடு

சூடுதான் காரணம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. இன்றைய ப்ராசஸர் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும், அதுவும் ரீஸ்டார்ட் ஆகாமல் அணைந்தே போகும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல மாடல்களுக்கு 95 டிகிரி என்பது வடிவமைப்பிலேயே உள்ள வரம்பு, இன்டெலின் பல மாடல்களுக்கு 100 டிகிரி. எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஆன் செய்த ஓரிரு நிமிடத்திலேயே அணைந்தால் மட்டும் ஹீட்சிங்கைக் கழற்றுங்கள். அடிப்பக்கத்து பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருக்கலாம், நாலு ஸ்க்ரூவில் ஒன்று இறங்காமல் இருக்கலாம், லிக்விட் கூலர் என்றால் பம்பின் ஒயர் மாட்டப்படாமல் இருக்கலாம். மற்றபடி வெப்பம், வோல்டேஜ் போன்ற அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை இயக்கி, அளவுகளைக் கோப்பில் பதியச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரியைப் படித்தால் கடைசி நொடியின் வெப்பம் தெரியும்.

## ப்ராசஸரும் பயாஸும்

கேமில் மணிக்கணக்கில் தாங்குகிறது, சும்மா வைத்துவிட்டு எழுந்து போனால் ரீஸ்டார்ட் ஆகிறது என்று சிலர் குழம்புவார்கள். வேலையில்லாத நேரத்தில் ப்ராசஸர் வோல்டேஜை மிகவும் இறக்கும். வோல்டேஜைக் குறைத்து வைத்திருந்தாலோ, ரைசனில் வோல்டேஜை மாற்றும் 'கர்வ் ஆப்டிமைசர்' எதிர்மறை எண்ணில் இருந்தாலோ அப்போதுதான் தடுமாறும். பயாஸில் 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' கொடுத்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்குங்கள். ரைசன் போர்டுகள் பலவற்றில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்றொன்று உண்டு. அதை 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' என்று வைத்துப் பார்க்கலாம்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸ் பதிப்பைக் கட்டாயம் பாருங்கள். இவற்றில் பல மாடல்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளடைவில் பழுதாவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, திருத்திய மைக்ரோகோடை (ப்ராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பு) பயாஸ் வழியாக வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. புதிய பயாஸ் இனிமேல் நடப்பதைத் தடுக்கும். ஏற்கெனவே பழுதானதைச் சரிசெய்யாது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும் கணினியில் பயாஸ் அப்டேட் செய்யக் கூடாது. பாதியில் நின்றால் போர்டு எழாமலே போகலாம். பின்பக்கம் 'பயாஸ் ஃப்ளாஷ்பேக்' பட்டன் உள்ள போர்டு என்றால் பென்டிரைவை மாட்டி அந்த வழியில் செய்யலாம். எழாமல் போன போர்டையும் அதே பட்டனால் மீட்டுவிட முடியும்.

## பாகத்தை மாற்றிப் பார்ப்பது

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். ப்ராசஸரில் உள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் முதலில் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள். பிறகு தெரிந்தவரிடம் எஸ்எம்பிஎஸ்ஸை, அதற்குரிய கேபிள்களோடு சேர்த்து, ஓரிரு நாள் இரவல் வாங்குங்கள். அடுத்தது ரேம். போர்டும் ப்ராசஸரும் கடைசி. கழற்றி மாட்டுவதில் பின் வளையும் ஆபத்து இவற்றில்தான் அதிகம்.

வாரண்டிக்கு அனுப்பும்போது "ரீஸ்டார்ட் ஆகிறது" என்று மட்டும் எழுதினால், அங்கே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு "கோளாறு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தச் சோதனையில், எத்தனை நிமிடத்தில் விழுகிறது, வேறு எஸ்எம்பிஎஸ் போட்டபோது எத்தனை மணி நேரம் தாங்கியது என்று உங்கள் தாளிலிருந்து எடுத்து எழுதுங்கள். மெம்டெஸ்ட் பிழைத் திரையின் படத்தையும் சேருங்கள்.

கோளாறு பிடிபட்ட பிறகு சோதனைக்காக மாற்றியவற்றையும் ஒவ்வொன்றாகத்தான் திரும்ப வைக்க வேண்டும். முதலில் பவர் லிமிட், ஓரிரு நாள் கழித்து எக்ஸ்எம்பி, அதற்கும் பிறகு யுபிஎஸ். 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை மட்டும் எடுத்தபடியே விட்டுவைக்கலாம், அடுத்த முறை நீலத் திரை வந்தால் அது நின்று பேசும்.